மருந்து எதில் கரைந்திருக்கிறது? ஐ.வி. லைனில் நாங்கள் பார்த்தவை

வயிறு காலியாக இல்லாத நோயாளி, அவசர ஆபரேஷன். சீக்கிரம் மயக்கி மூச்சுக்குழாயில் டியூப் போட வேண்டும் என்பதால் மயக்க மருந்தான தயோபென்டோன் முடிந்த கையோடு அதே லைனில் தசையைத் தளர்த்தும் ரோக்குரோனியம் போனது. கேனுலாவுக்கு (ரத்தக் குழாயில் செருகிய சிறு குழாய்) சற்று மேலே திரிந்த பால் மாதிரி வெள்ளையாகக் கட்டிக்கொண்டு டிரிப் நின்றுவிட்டது. நோயாளிக்கு நினைவு போய்விட்டது, தசை இன்னும் தளரவில்லை. மறு கையில் இன்னொரு லைன் இருந்ததால் ரோக்குரோனியத்தை அதில் முழு டோஸாகக் கொடுத்து டியூப் போட்டோம். அடைத்த லைனை யாரும் அழுத்தித் தள்ளவில்லை, அப்படியே கழற்றிவிட்டோம். தள்ளினால் அந்தத் துகள்கள் ரத்தத்தோடு போய் நுரையீரல் குழாய்களில் சிக்கிக்கொள்ளும்.

காரணம் ரொம்ப எளிமையானது. தயோபென்டோன் காரத்தில்தான் கரைந்து நிற்கும். அதற்காகவே மருந்துக் குப்பியில் சோடியம் கார்பனேட் சேர்க்கிறார்கள், 2.5% கரைசலின் பி.எச். (அமில-கார அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 10-க்கு மேல். ரோக்குரோனியத்தின் பி.எச். 4 பக்கம். அமிலம் பட்டதும் தயோபென்டோன் கரையாத வடிவத்துக்குத் திரும்பிப் படிந்துவிடுகிறது. வெக்குரோனியம், அட்ராகூரியம், சக்ஸமெத்தோனியம் என்ற மற்ற தசைத் தளர்த்திகள் எல்லாமே அமிலப் பக்கம்தான், அதனால் எதுவும் விதிவிலக்கில்லை. தயோபென்டோன் தூளைக் கரைக்க ஸ்டெரைல் வாட்டர் அல்லது நார்மல் சலைன் எடுங்கள், ரிங்கர் லாக்டேட் வேண்டாம். இரண்டு ஊசிக்கும் நடுவே லைன் முழுக்கக் கழுவும் அளவுக்கு சலைன் ஃப்ளஷ் போகட்டும். எவ்வளவு அவசரமானாலும் அந்த சில நொடிகளை விட்டுக்கொடுக்கக் கூடாது.

பதில் (தியேட்டர் நர்ஸ்):
டாக்டர், டயஸெபாம் என்ற தூக்க மருந்தில் இதையே வேறு மாதிரி பார்த்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஒருவர் மெதுவாகக் கொடுக்கலாமே என்று நல்லெண்ணத்தில் சலைன் கலந்தார், சிரிஞ்சு உடனே கலங்கிப்போனது. டயஸெபாம் தண்ணீரில் கரையாது. ஆம்பூலில் 40% புரொப்பிலீன் கிளைக்காலும் 10% ஆல்கஹாலும்தான் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. தண்ணீர் கூடினால் பிடி விட்டுப்போகிறது. ரத்தக் குழாயில் எரிச்சல் வருவதும் அந்தக் கரைப்பானால்தான். அதே வகை மருந்தான மிடஸோலாம் அப்படி இல்லை. ஆம்பூலில் பி.எச். 3 அளவில் அதன் மூலக்கூறு வளையம் திறந்து தண்ணீரில் கரைந்திருக்கும், ரத்தத்துக்குப் போனதும் வளையம் மூடி கொழுப்பில் கரையும் மருந்தாகிவிடும். அதனால் சலைனில் தாராளமாகக் கலக்கலாம், காரமான பைகார்பனேட் ஓடும் லைனில் மட்டும் போடாதீர்கள்.

பதில் (மயக்கவியல் முதுநிலை மாணவர்):
சிஸ்டர் சொன்னதில் கலங்கல் கண்ணுக்குத் தெரிந்தது. எனக்குக் கவலை புரொபோஃபால் என்ற மயக்க மருந்து. அதுதான் முதலிலிருந்தே வெள்ளையாயிற்றே! கையில் வலிக்கக் கூடாது என்று மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைனை அதே சிரிஞ்சில் கலந்து வைத்துவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. புரொபோஃபால் 10% சோயா எண்ணெயில் கரைந்து, முட்டை லெசித்தின் போர்த்திய நுண்துளிகளாக மிதக்கிறது. துளிகள் ஒட்டாமல் இருப்பது அவற்றின் எதிர்மின்னூட்டத்தால். லிக்னோகைன் நேர்மின்னூட்டம் கொண்டது, சேரச் சேர அந்த விலக்கம் குறைந்து துளிகள் ஒன்றுகூடிப் பெரிதாகின்றன. அளவும் காத்திருக்கும் நேரமும் கூடக்கூட ஆபத்தும் கூடும். லிக்னோகைனை முதலில் தனியாகக் கொடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. புரொபோஃபாலை நீர்க்க வேண்டுமானால் 5% டெக்ஸ்ட்ரோஸ், அதுவும் மி.லி.க்கு 2 மி.கி.க்குக் கீழே போகாமல்.

பதில் (முதலில் எழுதியவர்):
நல்ல குறிப்பு தம்பி. பிளாக் (ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி) போடுகிறவர்களுக்கு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். 10 மி.லி. லிக்னோகைனில் 8.4% பைகார்பனேட் 1 மி.லி. கலக்கலாம், எரிச்சல் குறையும். அதே அளவை இன்னொரு மரத்துப்போகும் மருந்தான பியூபிவகைனில் கலந்தால் படிந்துவிடும். அதற்கு 10 மி.லி.க்கு 0.1 மி.லி.க்கு மேல் போகக் கூடாது. அதே வகையான ரோபிவகைனில் சேர்க்கவே வேண்டாம்.