அதிபர் முகமும் அரக்கர் உடலும் கலந்த பொம்மைகள்: எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

அலமாரிக்காரன் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைனின் அரக்கன், மம்மி, ஓநாய் மனிதன் முதலிய பழைய திரைப்பட அரக்கர்களின் எட்டு அங்குலப் பொம்மைகளை நெடுநாளாகச் சேகரித்து வருகிறேன். அண்மையில், அமெரிக்க அதிபர்களை இதே அரக்கர்களோடு கலந்து செய்த பொம்மைகளின் மீது ஆர்வம் பிறந்திருக்கிறது. ஒபாமா டிராகுலாவாகவும், லிங்கன் ஃபிராங்கன்ஸ்டைனின் அரக்கனாகவும், நிக்சன் சதுப்பு நீரிலிருந்து எழுந்து வரும் செதிலுடல் பிராணியாகவும் வரும் வகையைச் சொல்கிறேன். என்னிடம் மீதமுள்ள இடத்தில் ஒன்றிரண்டைத்தான் வைக்க முடியும் என்பதால், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று கேட்கிறேன். பெட்டியில் திரைப்பட நிறுவனத்தின் உரிமக் குறிப்பு இல்லாவிட்டால் போலி என்று கொள்ளலாமா? இன்னொன்றும் உண்டு. சுட்டுக் கொல்லப்பட்ட லிங்கனைப் பிணங்களின் உறுப்புகளைத் தைத்துச் செய்த உடலாகக் காண்பதில் எனக்குச் சங்கடம் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

களிமண்விரல் எழுதியது:

பெட்டியின் மேலுள்ள பெயரை மறைத்துவிட்டு முகத்தை மட்டும் பாருங்கள். அதிபர் யாரென்பதும் அரக்கன் எதுவென்பதும் ஒரே பார்வையில் தெரிந்தால் அது நல்ல வார்ப்பு. உடையைக் கண்டுதான் அரக்கனை அடையாளம் காண வேண்டியிருக்கிறதென்றால், அது வேடமிட்ட அதிபர் பொம்மையே தவிரக் கலப்பு அன்று.

லிங்கன் இந்தச் சோதனையில் எளிதாகத் தேறுவார். 1931இல் வந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்துக்காக ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் அமைத்த அரக்கனின் அடையாளங்களில் பெரும்பாலானவை, அதாவது தட்டையான உச்சந்தலையும் கனத்த புருவ மேடும் பாதி மூடிய இமைகளும், முகத்தின் மேற்பாதியில் இருக்கின்றன. லிங்கனின் அடையாளங்களோ, ஒட்டிய கன்னம், வலக் கன்னத்து மரு, மீசையில்லாத தாடி என்று கீழ்ப்பாதியில் குவிந்திருக்கின்றன. ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடுங்குவதில்லை. 193 சென்டிமீட்டர் உயரமும் சேர்ந்துகொள்ள, சிற்பிக்கு வேலை பாதி முடிந்துவிடுகிறது.

நிக்சன் கடினமானவர். செதிலுடல் பிராணிக்கு மூக்கு என்று சொல்லத்தக்கது கிடையாது. நிக்சனை நிக்சனாக்குவதே அந்த முன்னோக்கி வளைந்த மூக்குதான். ஆனால் அவருடைய தொங்கிய தாடைச்சதை இருக்கும் இடத்தில்தான் அந்தப் பிராணியின் செவுள்கள் விரிகின்றன. மூக்கை வைத்துக்கொண்டு தாடைச்சதையை மடிப்பு மடிப்பாகச் செவுளாக மாற்றிய சிற்பி, இரண்டு முகங்களையும் நன்றாகப் படித்தவர் என்று தயங்காமல் சொல்லலாம். வாங்கும்போது அந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

நிக்சனுக்கு வரலாறும் துணை நிற்கிறது. 1954 அக்டோபரில், அவர் துணை அதிபராக இருந்தபோதே, வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் கேலிச்சித்திரக்காரர் ஹெர்பிளாக் அவரைச் சாக்கடைக் குழியிலிருந்து ஏறி வருபவராக வரைந்தார். அந்தச் செதிலுடல் பிராணி தோன்றிய ‘க்ரீச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்’ படம் வெளிவந்ததும் அதே ஆண்டுதான். அவரை நீரிலிருந்து எழுப்பும் பொம்மையைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் வாட்டர்கேட் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஊழல் வெடிப்பதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே இந்த உருவகம் அச்சில் வந்துவிட்டது. இப்படி அரசியல் கேலிச்சித்திர மரபில் வேர் உள்ள கலப்பையே நான் முதலில் தேர்ந்தெடுப்பேன்.

ஒபாமாவின் டிராகுலா எனக்கு நிறைவளிக்கவில்லை. பழைய திரைப்படத்தில் பேலா லுகோசி நடித்த டிராகுலாவுக்கு உயிரே, நெற்றியில் கூராக இறங்கும் படிய வாரிய கூந்தல்தான். அதை வைத்தால் ஒபாமா மறைந்துவிடுவார். வைக்காவிட்டால் மிஞ்சுவது மேலங்கி மட்டுமே.

மாலைவெளிச்சம் எழுதியது:

மேலே சொன்னதில் ஒபாமாவைப் பற்றிய தீர்ப்பை மட்டும் ஏற்க முடியவில்லை. டிராகுலாவின் அடையாளம் கூந்தலோடு முடிந்துவிடுவதில்லை, கோரைப்பற்களும் இருக்கின்றன. ஒபாமாவின் முகத்தில் எல்லோரும் முதலில் நினைவுகூர்வது அந்த அகன்ற சிரிப்பை. அரக்கனின் ஆயுதமும் அதிபரின் கவர்ச்சியும் ஒரே வாயில் சேர்வதால், சிரிப்பைத் திறந்து வடித்த தலையாக இருந்தால் கலப்பு முழுமை பெறுகிறது. உதடு மூடிய தலையென்றால் நீங்கள் சொன்னதே சரி.

உரிமப்பக்கம் எழுதியது:

உரிமக் குறிப்பு இல்லாதது போலிக்கு அடையாளம் அன்று. மேரி ஷெல்லியின் நாவல் 1818இலும் பிராம் ஸ்டோக்கரின் நாவல் 1897இலும் வந்தவை. அவற்றின் பாத்திரங்களை இன்று யாரும் எடுத்தாளலாம். ஆனால் பியர்ஸ் அமைத்த தட்டைத் தலையும் கழுத்து முளைகளும் யுனிவர்சல் நிறுவனத்தின் படத்தோடு பிறந்தவை. உரிமம் பெறாத தயாரிப்பாளர்கள் தலையின் வடிவையும் தையலையும் வேறுபடுத்திக்கொள்வதற்கு இதுதான் காரணம். செதிலுடல் பிராணிக்குப் பின்னால் பழைய நாவல் எதுவும் இல்லாததால் அங்கே வேறுபாடு இன்னும் கூடுதலாகத் தெரியும். அதைச் சிற்பியின் குறையாகக் கருதிவிட வேண்டாம்.

அதிபரின் முகத்தைப் பொருத்தவரை, அமெரிக்கச் சட்டம் இத்தகைய கலப்புக்குப் பெரும்பாலும் இடமளிக்கிறது. ஒரு சித்திரக்கதையில் ஜானி வின்டர், எட்கர் வின்டர் என்னும் இசைக்கலைஞர்களைப் பாதி மனிதர், பாதி புழுவாக வரைந்ததற்காக அவர்கள் டிசி காமிக்ஸ் மீது தொடுத்த வழக்கில், கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2003இல் பதிப்பகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. உள்ளது உள்ளபடி நகலெடுக்காமல் புதிதாக ஒன்றாக மாற்றியிருப்பதால், அது கருத்துச் சுதந்திரத்தின் பாதுகாப்புக்குள் வருகிறது என்பது அதன் சாரம். மனிதனையும் அரக்கனையும் கலக்கும் பொம்மைகளுக்கு இதைவிட நெருக்கமான முன்னுதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆளுநராக இருந்த அர்னால்டு ஷ்வார்ஸ்நெகரைத் துப்பாக்கி ஏந்திய தலையாட்டி பொம்மையாக விற்ற நிறுவனத்தின் மீது 2004இல் தொடரப்பட்ட வழக்கோ சமரசத்தில் முடிந்தது. பொம்மை தொடர்ந்தது, துப்பாக்கி போயிற்று.

பழையவினைல் எழுதியது:

போலியைவிடத் தலைமாற்றுக்குத்தான் நீங்கள் அஞ்ச வேண்டும். எட்டு அங்குல உடல்களில் தலையைச் சூடாக்கிக் கழற்றி வேறொன்றைப் பொருத்துவது எளிது. கைகளின் நிறத்தையும் கழுத்தின் நிறத்தையும் இயற்கை வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். ஒரே தயாரிப்பில் வந்தவை என்றால் சாயல் ஒத்திருக்கும். கழுத்து விளிம்பில் கீறலோ வண்ணம் உரிந்த வளையமோ இருந்தால் தலை கழற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். முட்டியையும் முழங்கையையும் மடக்கிப் பாருங்கள்; 1970களின் மெகோ நிறுவன அரக்கர்களைச் சேகரித்த உங்களுக்கு, உள்ளேயுள்ள இழுவை நாண் தளர்ந்த உடல் கையில் எப்படித் தொளதொளக்கும் என்பது தெரிந்திருக்கும்.

டிராகுலாவை வாங்கினால் மேலங்கியைக் கழற்றி வையுங்கள், அல்லது துணிக்கும் கழுத்துக்கும் இடையே அமிலமற்ற மெல்லிய தாளைச் செருகுங்கள். கறுப்பும் சிவப்புமான சாயம் மென்மையான வினைலுக்குள் ஊறிவிட்டால் எந்தக் கரைசலாலும் முழுதாக எடுக்க முடியாது. வினைல் பிசுபிசுத்தால் அதிலுள்ள மென்மையாக்கி கசிகிறது என்று அர்த்தம். மிதமான சோப்பு நீரில் துடைத்து, வெயிலும் வெப்பமும் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். சாராயத்தால் துடைத்தால் வண்ணமும் சேர்ந்து போய்விடும்.

நெடுநாள்வாசகி எழுதியது:

லிங்கனைப் பற்றிய உங்கள் சங்கடம் நியாயமானது, அதை யாரும் தொடாமல் போனதால் எழுதுகிறேன். அவருடைய உடல் இறந்த பிறகும் அமைதியாகக் கிடக்கவில்லை. 1876 நவம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லறையிலிருந்து அதைத் திருட ஒரு கும்பல் முயன்றது, 1901இல் சவப்பெட்டியைக் கான்கிரீட்டுக்குள் புதைத்த பிறகே அந்த அச்சம் தீர்ந்தது. இதை அறிந்தவர்களுக்குப் பிணங்களைத் தோண்டிச் செய்த உடலில் அவர் முகம் இருப்பது உறுத்தவே செய்யும்.

ஆயினும், பழிப்பதற்காக வரைந்த உருவமும் இதுவும் ஒன்றல்ல. லிங்கன் வாழ்ந்த காலத்திலேயே, உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்க நின்ற தெற்கு மாநிலங்களின் ஆதரவாளரான அடால்பர்ட் வோல்க் அவர் அடிமை விடுதலைப் பிரகடனத்தைச் சாத்தானின் மைக்கூட்டைக் கொண்டு எழுதுவதாக வரைந்தார். அது அந்த விடுதலையையே வெறுத்த படம். போரிஸ் கார்லாஃப் நடித்த அரக்கனை மக்கள் இன்றும் நேசிப்பதோ அச்சத்தால் மட்டும் அல்ல, அவன் மீதுள்ள இரக்கத்தால்தான். நெடிய உடலும் துயரம் படிந்த கண்களும் கொண்ட அந்தப் பாத்திரத்தை லிங்கனுக்குக் கொடுப்பதில் இழிவு இல்லை என்றே கருதுகிறேன்.

வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பொம்மையைத் திருப்பி, இடது காதுக்குப் பின்புறத்தைப் பாருங்கள். குண்டு பாய்ந்த அந்த இடத்தில் சிற்பி தையலோ துளையோ வைத்திருந்தால் நான் அதை வாங்க மாட்டேன். நெற்றியிலும் மணிக்கட்டிலும் மட்டும் தையல் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.