ஹோட்டல் அடுப்படியில் தம்பிக்குத் தீக்காயம்: "18 சதவீதம்தானே" என்கிறார் முதலாளி. கையெழுத்துப் போடலாமா?

செங்கத்து அக்கா (ஆகஸ்ட் 2024)

என் தம்பிக்கு 28 வயது. கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டலில் பலகார மாஸ்டராக இருந்தான். மாதம் 14,000 ரூபாய் சம்பளம், வங்கிக் கணக்கில் வரும். கடந்த பிப்ரவரியில் போண்டா போட்டுக்கொண்டிருந்தபோது அடுப்பின் கால் சரிந்து, வாணலி எண்ணெய் வலக்கை முழுவதிலும் நெஞ்சிலும் கொட்டிவிட்டது. நாற்பது நாள் அரசு மருத்துவமனையில் இருந்தான். தொடைத் தோலை எடுத்துக் கையில் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் "18 சதவீதம்" என்று இருக்கிறது.

முதலாளி மருத்துவச் செலவுக்கு 30,000 கொடுத்தார். இப்போது, "18 சதவீதம்தானே, இன்னும் 50,000 தருகிறேன். இனி எதுவும் கேட்க மாட்டோம் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுங்கள்" என்கிறார். தம்பியின் கவனக்குறைவுதான் காரணம் என்றும் சொல்கிறார். அவனால் இன்னும் ஜல்லிக்கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

தொழிலாளர் வழக்கறிஞர்

போடாதீர்கள், அம்மா. விவரமாக இரவு எழுதுகிறேன். அந்த ஹோட்டலில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உண்டா?

ஓய்வு பெற்ற செவிலியர்

தீக்காயப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவள் என்பதால் சொல்கிறேன். அந்த 18 என்பது வெந்த தோலின் பரப்பு மட்டுமே. ஒரு கை முழுவதும் 9. நெஞ்சும் வயிறும் சேர்ந்த முன்புறம் 18, அதில் மேல்பாதி 9. முதல் நாளில் எவ்வளவு திரவம் ஏற்ற வேண்டும் என்று கணக்கிட உதவும் எண் அது. கை மீண்டும் வேலை செய்யுமா என்பதை அது சொல்லாது. விரல்களோடு சேர்த்து உள்ளங்கையளவு காயம் ஏறத்தாழ 1 சதவீதம்தான். அதுவே விரல் மூட்டுகளின் மேல் விழுந்தால் ஒருவருடைய பிழைப்பே போய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒட்டுத்தோல் சரியாக வியர்க்காது. ஆகவே வெப்பத்தைத் தாங்காது. தழும்பும் மாதக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். கைப்பயிற்சியையும் அழுத்த உறையையும் ஒருநாளும் விட்டுவிடாதீர்கள், மகளே.

செங்கத்து அக்கா

மொத்தம் ஏழு பேர். இ.எஸ்.ஐ. கிடையாது.

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். வீட்டு அடுப்பருகே நின்றாலே ஐந்து நிமிடத்தில் எரிகிறது என்று வெளியே போய்விடுவான். வேலைக்குப் பயந்து நடிக்கிறான் என்று நானே திட்டியிருக்கிறேன்.

தொழிலாளர் வழக்கறிஞர்

பத்துப் பேர் இருந்திருந்தால் இ.எஸ்.ஐ. வழியாகப் போக வேண்டியிருக்கும். ஏழு பேர் என்பதால், 2024இல் நடந்த இந்த விபத்துக்கு 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பொருந்தும். வேலையின்போது, வேலையினால் நேர்ந்த காயம் என்றாலே முதலாளி பொறுப்பாகிறார். சாதாரணக் கவனக்குறைவைக் காட்டி அவர் நழுவ முடியாது. குடித்திருந்தான் என்றோ, வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறினான் என்றோ நிரூபித்தால்தான் சிக்கல்.

கணக்கைப் பாருங்கள். சம்பளத்தில் 60 சதவீதம் 8,400. அதை 28 வயதுக்கு அந்தச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள 211.79 என்ற எண்ணால் பெருக்கினால் 17,79,036 ரூபாய். இது சம்பாதிக்கும் திறன் நிரந்தரமாக, முழுவதும் போனால் கிடைப்பது. தம்பிக்கு அதில் எத்தனை சதவீதம் போயிற்று என்று மருத்துவர் மதிப்பிட வேண்டும். 40 என்று வைத்தால்கூட 7,11,614. இதற்குத்தான் 50,000 கொடுத்து முடிக்கப் பார்க்கிறார்!

அந்த மதிப்பீட்டில்தான் உங்கள் வழக்கே நிற்கிறது. இடக்கையை இழந்த ஒரு தச்சருக்கு, இனித் தச்சு வேலையே செய்ய முடியாது என்பதால் 100 சதவீத இழப்பு என்பதை உச்ச நீதிமன்றம் 1976இல் ஏற்றுக்கொண்டது. எனவே மருத்துவரிடம் "கை வலிக்கிறது" என்பதோடு நிறுத்தாதீர்கள். கொதிக்கும் எண்ணெய் முன் நாளெல்லாம் நிற்பதுதான் அவன் தொழில் என்று சொல்லுங்கள். செவிலியரம்மா சொன்ன வெப்பம் தாங்காத நிலையைச் சான்றிதழில் எழுதித் தரும்படி கேளுங்கள்.

ஏற்கெனவே தந்த 30,000 மருத்துவச் செலவு. அதை இழப்பீட்டில் கழிக்க முடியாது. உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 17ஆம் பிரிவின்படி செல்லாது. செல்லாதுதானே என்று கையெழுத்தும் போட்டுவிடாதீர்கள். அந்தத் தாளைக் காட்டியே வழக்கை இழுத்தடிப்பார்கள். விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். கோவைக்கு அலைய வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடமே கொடுக்கலாம். தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்தில் விசாரியுங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

டீ மாஸ்டர்

எனக்குப் பால் கொட்டியபோது 20,000 வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டவன் நான். இரண்டு விரல் இன்றுவரை மடங்கவில்லை. அக்கா, அந்த அடுப்பைப் பழுது பார்ப்பதற்குள் யாரையாவது விட்டுப் படம் எடுக்கச் சொல்லுங்கள். கூட வேலை செய்தவர்களிடம் இப்போதே பேசுங்கள். நாளாக நாளாக ஆளுக்கொரு ஊருக்குப் போய்விடுவார்கள்.

செங்கத்து அக்கா

முத்திரைத்தாளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அடுப்பை மாற்றிவிட்டார்களாம், ஆனால் பாத்திரம் கழுவும் அம்மா, கால் சரிந்ததைப் பார்த்ததாகச் சொல்லத் தயார் என்கிறார். வியாழக்கிழமை கோவைக்குப் போய் மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டின் நகலுக்கு எழுதிக் கொடுக்கிறோம். வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுத்துக்கொள்கிறேன். தம்பியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.