மவுஸ் தானாக நகர்ந்ததைக் குறித்து வைத்த ஆபரேட்டர்

கணினிப் பாதுகாப்பு வேலை அனுபவங்களைப் பற்றி இங்கே வங்கி, ஐடி கம்பெனிப் பக்கம் இருப்பவர்கள் நிறைய எழுதியிருக்கிறீர்கள். நான் பார்ப்பது துணை மின்நிலையம், நீரேற்று நிலையம் போன்ற இடங்களின் கணினிப் பாதுகாப்பு. சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் கறையேறி, மூட்டு மடக்க முடியாமல் கஷ்டப்பட்ட பெரியவர்களைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து காவிரித் தண்ணீர் கிடைத்தது. அந்தத் தண்ணீர் மேடேறப் பம்பு ஓட வேண்டும், பம்புக்குக் கரண்ட் வேண்டும். எனக்கு இந்த வேலை மேல் உள்ள அக்கறை அங்கிருந்து வருகிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு துணை மின்நிலையத்துக்கு ஆய்வுக்குப் போயிருந்தோம். பெயரும், யாருடையது என்பதும் வேண்டாம். ஆபீஸ் நெட்வொர்க்கில் செய்வது போல, என்னென்ன கருவி இணைந்திருக்கிறது என்று தேடும் ஸ்கேனை அங்கே ஓட்டிவிட முடியாது. லைனில் கோளாறு வந்தால் கண்டுபிடிக்கும் கருவிதான் ரிலே. பழைய ரிலேக்கள் சில, பழக்கமில்லாத தகவல் பாக்கெட் நெட்வொர்க்கில் வந்தாலே ஹேங் ஆகிவிடும். அந்த நேரம் பார்த்து லைனில் ஃபால்ட் வந்தால், பிரேக்கரைத் திறந்து கரண்டைத் துண்டிக்கச் சொல்ல ஆளிருக்காது. அதனால் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வயர் வயராகக் கண்ணால் பார்த்துக்கொண்டே போனோம். மதியம் வரை எல்லாம் சரியாகவே இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் ஷிப்ட் ஆபரேட்டரிடம், "அண்ணா, இந்த கம்ப்யூட்டரை வேற யாராவது தொடுவாங்களா?" என்று கேட்டேன்.

"யாரும் தொட மாட்டாங்க தம்பி. சில நாள் ராத்திரி மவுஸ் அது பாட்டுக்கு நகரும். கம்பெனிக்காரன் செட்டிங் பாக்குறான்னு சொன்னாங்க" என்றார்.

லாக் புத்தகத்தைத் திறந்து காட்டினார். மணிக்கொரு தடவை வோல்டேஜ், ஆம்பியர், டிரான்ஸ்பார்மர் ஆயில் சூடு எழுதும் அதே பக்கத்தின் ஓரத்தில், பென்சிலால் 'மவுஸ் நகர்ந்தது' என்று நேரத்தோடு குறித்திருந்தார். யாரும் எழுதச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் பேனலின் பின்பக்கம் டார்ச் அடித்துத் தேடினோம். கேபிள் கட்டுக்கு நடுவே, தூசி படிந்து, சிம் போட்ட ஒரு சின்ன மோடம் பச்சை விளக்கோடு கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. வரைபடத்தில் அது இல்லை. கருவி கொடுத்த ஒப்பந்தக்காரர், ஊரிலிருந்து வந்து போகும் அலைச்சலை மிச்சப்படுத்தி, இருந்த இடத்திலிருந்தே உள்ளே நுழைய வைத்தது. அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டே இன்னும் வேலை செய்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

மவுஸ் நகர்ந்ததை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைன் மின் நிறுவனங்களின் கணினிகளுக்குள் ஹேக்கர்கள் புகுந்தபோது அங்கிருந்த ஆபரேட்டர்கள் பார்த்ததும் இதைத்தான். அவர்கள் கண்ணெதிரே கர்சர் நகர்ந்து பிரேக்கர்களைத் திறந்தது. சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. சில மணி நேரத்தில் திரும்ப வந்ததற்குக் காரணம், நிலையங்களுக்கு நேரில் போய்க் கையாலேயே பிரேக்கரைப் போடத் தெரிந்த ஆட்கள் அங்கே இருந்ததுதான்.

எங்கள் இடத்தில் மோடத்தை உடனே பிடுங்கவில்லை. அது செருகியிருந்த அதே நெட்வொர்க் ஸ்விட்ச் வழியாகத்தான், மின் விநியோகத்தை மேற்பார்க்கும் லோடு டெஸ்பாட்ச் மையத்துக்கும் தகவல் போகிறது. அனுமதி வாங்கி, லோடு குறைந்த நேரமாகப் பார்த்துக் கழற்றினோம். லாக் புத்தகத்தில் இருந்த நேரங்களை ஒப்பந்தக்காரரின் வேலைப் பதிவோடு வைத்துப் பார்த்தோம், பொருந்தின. மோடத்துக்குள் இருந்த பதிவு சில நாளுக்குத்தான். பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் உத்தரவு போட்டதன் அருமை அன்றைக்கு நன்றாகவே புரிந்தது. மோடத்தின் பதிவு எட்டாத முந்தைய ராத்திரிகளுக்கு, நிலையத்தில் அந்தப் பென்சில் குறிப்பு மட்டுமே சாட்சி.

இப்போது அங்கே வெளியிலிருந்து உள்ளே வரும் இணைப்புக்கு ஒரு சாவி ஸ்விட்ச் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் போன் செய்ய வேண்டும், ஆபரேட்டர் சாவியைத் திருப்ப வேண்டும், வேலை முடிந்ததும் ஆபரேட்டரே மூடுவார். லாக் புத்தகத்திலும் இதற்கென்று ஒரு பத்தி சேர்த்தாகிவிட்டது. ஆய்வு அறிக்கையில் அந்த அண்ணனின் குறிப்பைத்தான் முதல் ஆதாரமாக வைத்தேன். அதை மாற்ற மேலிடத்தில் சொன்னபோது நான் ஒப்புக்கொள்ளவில்லை.

சோலார், காற்றாலைப் பக்கம் இருப்பவர்கள் எழுதுங்கள். ராத்திரியில் ஆளே இல்லாத நிலையங்களில் இந்தச் சாவியை யார் கையில் கொடுக்கிறீர்கள்?