அண்டை வீட்டுச் சப்பாத் நாளும் அந்த வீட்டுப் பிள்ளைகளும்

லண்டன், ஹெண்டனிலிருந்து:

யூத நெறியை வழுவாமல் கடைப்பிடிக்கும் ஒரு குடும்பத்துக்கு அடுத்த வீட்டில் பல ஆண்டுகளாக வசிக்கிறோம். அத்தனை விதிகள் நிறைந்த வீட்டில் பிள்ளைகள் அடங்கி ஒடுங்கித்தான் வளர்வார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். நான் கண்டது வேறு. ஆண் பிள்ளைக்கு 13 வயதும் பெண் பிள்ளைக்கு 12 வயதும் ஆகும்வரை கட்டளைகளைக் கடைப்பிடிக்கும் பொறுப்பு அவர்கள்மீது விழுவதில்லை. சிறிது சிறிதாகப் பழக்கிவிடுவது பெற்றோரின் கடமை. ஆகவே அந்த வயதில் விதிகளின் பாரத்தைச் சுமப்பவர்கள் பெரியவர்களே.

வெள்ளிக்கிழமை அந்தத் தாயைப் பார்த்தால் இது விளங்கும். சூரியன் மறையும் முன் தொடங்கி, சனிக்கிழமை விண்மீன்கள் தெரியும்வரை ஏறக்குறைய 25 மணி நேரம் நீளும் சப்பாத் என்னும் வாராந்திர ஓய்வுநாளில் சமைக்கவோ, விளக்கைப் போடவோ, எழுதவோ, தாளைக் கிழிக்கவோ கூடாது என்பதால், கழிவறைத் தாளைக்கூட முன்னதாகவே கிழித்து அடுக்குகிறார், இரவு விளக்குக்கு நேரம் குறித்துவைக்கிறார், வண்ணப் பென்சில்களை எட்டாத இடத்துக்கு மாற்றுகிறார். டிசம்பரில் இங்கே நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கைக்குழந்தை இடுப்பில் இருக்க, இத்தனையையும் அதற்குள் முடித்தாக வேண்டும்.

ஒருமுறை எங்களை விருந்துக்கு அழைத்திருந்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவரும் தரும உண்டியலில் ஒரு காசு போட்ட பிறகே தாய் விளக்கேற்றினார். தந்தை ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கைகளை வைத்து, மகன்களை மறைநூலில் வரும் எப்பிராயீமைப் போலவும் மனாசேயைப் போலவும், மகள்களை சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் போலவும் ஆக்க வேண்டும் என்று இறைவனிடம் வேண்டி வாழ்த்தினார். தொலைபேசி இல்லாத அந்த மாலையில் பெற்றோர் இருவருடைய கவனமும் பிள்ளைகளிடமே இருந்தது. அதை நான் உண்மையாகவே மதிக்கிறேன்.

கடும் குளிரான ஒரு வெள்ளிக்கிழமை இரவில் அவர்கள் வீட்டு வெப்பக் கருவி நின்றுபோனது. கணவர் எங்கள் கதவைத் தட்டி, "குழந்தைகளுக்காகக் கேட்கிறேன், வந்து போட்டுத் தர முடியுமா?" என்றார். தம் வசதிக்காக மட்டும் இருந்தால் அவர் வந்திருக்கமாட்டார். சிறு குழந்தையின் தேவையை நோயாளியின் தேவையாகவே அவர்கள் நெறி கருதுகிறது, அதற்காக யூதரல்லாதவரிடம் உதவி கேட்கலாம். உயிருக்கே ஆபத்து என்றால் அவர்களே சப்பாத்தை மீறியாக வேண்டும்.

இப்பகுதியில் 2003க்கு முன் நிலைமை கடினமாக இருந்தது. சப்பாத்தில் தெருவில் எதையும் சுமக்கவோ தள்ளுவண்டியைத் தள்ளவோ கூடாது என்பதால், நடக்கத் தெரியாத குழந்தையுடைய தாய் வீட்டிலேயே இருக்க வேண்டியிருந்தது. கம்பங்களும் மெல்லிய கம்பிகளும் சேர்ந்து வளைக்கும் 'எரூவ்' என்ற, உள்ளே சுமக்க அனுமதிக்கும் எல்லை அந்த ஆண்டில் செயலுக்கு வந்த பிறகே அத்தாய்மார் குழந்தைகளுடன் தொழுகைக்கூடத்துக்குப் போக முடிந்தது. கம்பங்கள் தெருவின் அழகைக் கெடுக்கும் என்று பல ஆண்டுகள் எதிர்ப்பு இருந்தது; ஒரு தாயின் சனிக்கிழமையைவிட அது பெரிதென்று எனக்குத் தோன்றவில்லை.

ஜெருசலேமிலிருந்து, மற்றொருவர்:

நான் ஒரு மூதாட்டியைப் பராமரிக்கும் பணியில் அவருடைய மகன் வீட்டில் இருந்தேன். இறைச்சியையும் பாலையும் சேர்க்கக்கூடாது என்பதால் அங்கே இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரங்கள் உண்டு. இறைச்சி உண்ட பெரியவர்கள் ஆறு மணி நேரம் பால் தொடமாட்டார்கள். மூன்று வயதுப் பேரனுக்கோ கேட்டதும் பால் கிடைத்தது. புளித்த மாவுணவை விலக்கும் பாஸ்கா பண்டிகைக்கு முன் ரொட்டித் துணுக்கு ஒன்றும் தங்கக்கூடாதென்று விளையாட்டுப் பொருள்களையெல்லாம் கழுவினோம். முந்தைய இரவில் மறைத்துவைத்த பத்து ரொட்டித் துண்டுகளைப் பிள்ளைகள் மெழுகுவர்த்தி ஒளியில் தேடி எடுத்தார்கள்.

பாஸ்கா விருந்து நள்ளிரவைத் தாண்டும். அந்த இரவைப் பற்றிய நான்கு கேள்விகளைக் கேட்பது இளைய பிள்ளையின் உரிமை. விருந்தின் இறுதியில் உண்பதற்காக மறைத்துவைத்த புளிப்பில்லா அப்பத்துண்டைக் கண்டெடுத்த சிறுவன், அதைத் திருப்பித் தர ஒரு மர ரயில் கேட்டான், தந்தை ஒப்புக்கொண்டார். குழந்தைக்கு ஒன்றைத் தருவதாகச் சொல்லிவிட்டுத் தராவிட்டால் அவன் பொய்யைக் கற்றுக்கொள்வான் என்று யூதச் சட்ட நூலான தால்மூத் எச்சரிப்பதாக அவர் என்னிடம் கூறினார். மறுநாளும் பண்டிகை என்பதால் எதையும் வாங்க முடியாது. அதற்கடுத்த நாள் காலை, கடை திறந்ததும் மகனை அழைத்துச் சென்று அந்த ரயிலை வாங்கிக் கொடுத்தார்.