மழைக்காலத்தில் வீடெல்லாம் அட்டையும் பசையும்: எங்கே கோடு போடுவது?

கேட்டவர்: குன்னூர் தாய்

அனைவருக்கும் வணக்கம். குன்னூரில் இரண்டு அறைகளும் ஒரு சிறு கூடமும் உள்ள வாடகை வீட்டில் கணவர், மாமியார், ஏழு வயது மகள், நான்கு வயது மகன், நான் என ஐந்து பேர் குடியிருக்கிறோம். வடகிழக்குப் பருவமழைதான் எங்கள் ஊருக்குப் பெருமழை என்பதால், ஐப்பசி பிறந்ததிலிருந்து பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குக் கூடத்தைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. அந்தக் கூடத்தில்தான் ஈரத்துணிக் கொடியும் இருக்கிறது.

மகள் மூன்று வாரமாக மலை ரயில் பாதையைக் கட்டிக்கொண்டிருந்தாள். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டரில் 16 சுரங்கங்கள் இருப்பதாக அவளுடைய அப்பா சொல்லிவிட, 16-ஐயும் செய்தே தீருவது என்று செருப்புப் பெட்டிகளையும் மளிகைக்கடை அட்டைகளையும் சேர்த்துவைத்து வெட்டினாள். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை, ரயில் வழுக்காமல் மலையேற நடுவில் பற்களோடு போட்டிருக்கும் பல்தண்டவாளத்திற்குத் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக ஒட்டினாள். "இது வீடா, குப்பைமேடா?" என்று மாமியார் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தார். போன ஞாயிறன்று உறவினர் வருவதாக இருந்தது. பெருக்குவதற்காக ஒரு பெட்டியைத் தூக்கினால் அடியில் கரும்பூஞ்சை. கோபத்தில் எல்லாவற்றையும் வாரிக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிட்டேன். அப்போது 11 சுரங்கங்கள் முடிந்திருந்தன. அவள் அழவில்லை. "மீதி ஐந்தையும் நான் எங்கே வைப்பது?" என்று மட்டும் கேட்டாள். அதன் பிறகு கத்தரிக்கோலையே தொடவில்லை.

நான் செய்தது தவறு என்று தெரிகிறது. ஆனால் காலடியில் பசையும் காகிதத் துண்டுகளும் ஒட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் என்னால் சமைக்கவும் முடியவில்லை, நிம்மதியாக உட்காரவும் முடியவில்லை. எங்கே கோடு போடுவது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டும்.

பதில் 1: கொடைக்கானல் ஆசிரியை

சகோதரி, 1939-இல் இந்தியாவுக்கு வந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார், உலகப் போர் நடந்த 1942 முதல் 1944 வரை எங்கள் கொடைக்கானலில்தான் தங்கிக் குழந்தைகளோடு பணியாற்றினார். அவர் பெயரைச் சொன்னாலே குழந்தைகளை விருப்பம்போல் விட்டுவிடுவது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஒழுங்கின் மீது அவரைப் போல் பிடிவாதம் கொண்டவர்கள் குறைவு. அவருடைய முறையில் நடக்கும் வகுப்பறையில் ஒவ்வொரு பொருளுக்கும் அலமாரியில் ஓர் இடம் உண்டு. தரையில் வேலை செய்யும் குழந்தை முதலில் ஒரு சிறு பாயை விரித்துக்கொள்ளும். அந்தப் பாய்தான் எல்லை. வேலை அதைத் தாண்டி வெளியே வராது, மற்றவர்களும் அதை மிதித்துக்கொண்டு நடக்கமாட்டார்கள். வேலை முடியாவிட்டால் தன் பெயரெழுதிய அட்டையை வைத்துவிட்டுப் போகலாம். மறுநாள் வரை வேறு யாரும் அதைக் கலைப்பதில்லை.

நீங்கள் கேட்கும் கோடு, எவ்வளவு குப்பை ஆகலாம் என்பதற்கான கோடு என்று எனக்குத் தோன்றவில்லை. எந்த இடம் அவளுடையது என்பதற்கான கோடு அது. நான்கடிக்கு மூன்றடி போதும். அதற்குள் என்ன கிடந்தாலும் நீங்கள் கை வைக்கக் கூடாது; அதற்கு வெளியே ஒரு துண்டுக் காகிதம் கிடந்தாலும் அவளே எடுக்க வேண்டும். பொருட்களையும் ஒரே நாளில் எல்லாம் வெளியே விடாமல், பாதியை மேலே ஏற்றிவைத்து மாதம் ஒருமுறை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள்.

பதில் 2: உதகை அம்மா, இரண்டு பையன்கள்

ஆசிரியை சொல்வது சரியே. ஆனால் பள்ளியில் கூட்டித் துடைக்க ஓர் ஆயா இருப்பார், மணியடித்தால் பிள்ளைகளும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நமக்கு மணியே அடிப்பதில்லை. ஆகவே கைவேலைப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுப் பூஞ்சைக்குக் குழந்தை காரணமல்ல, அட்டையை வைத்த இடம்தான் காரணம். மழை அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டித் தரையில் வைத்த அட்டை ஈரத்தைக் குடித்துவிடும்; மைதாப் பசை பூஞ்சைக்குச் சோறு போட்டதுபோல் ஆகிவிடும். பெஞ்சின் மீது, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, உள்சுவர்ப் பக்கமாக வையுங்கள். பசையைக் கெட்டியாகக் காய்ச்சி மெல்லியதாகத் தடவினால் சீக்கிரம் உலரும். பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அது நஞ்சு, குழந்தை கை வைக்கும் பசையில் கூடவே கூடாது.

மைதா இரண்டு பங்கு, உப்பு ஒரு பங்கு சேர்த்துப் பிசையும் விளையாட்டு மாவு சமவெளியில் கல்லாக இறுகும். இங்கே மூடுபனி இறங்கினால் உப்பு ஈரத்தை இழுத்து மறுபடியும் நசநசத்துவிடும். மூடியுள்ள டப்பாவில்தான் வைக்க வேண்டும். சேறு பட்ட துணியை ஈரத்தோடு தேய்த்தால் செம்மண் நூலுக்குள் ஏறிவிடும். காயவிட்டு உதிர்த்த பிறகு அலசுங்கள். சாயத்துக்கு மஞ்சள்தூள் கரைத்துக் கொடுத்தால், அந்தக் கறை சோப்புப் பட்டதும் சிவக்கும், பயப்பட வேண்டாம். வெயில் முகம் தெரியும் நாளில் உலர்த்தினால் தானே வெளிறிவிடும். (அந்த நாள் எப்போது வரும் என்று என்னைக் கேட்காதீர்கள்.)

பழைய நூல்சேலையை நான்காக மடித்துக் கீழே விரித்துவிட்டால், முடிந்ததும் நான்கு முனையையும் சேர்த்துத் தூக்கி உதறிவிடலாம். எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு இல்லை.

பதில் 3: கோத்தகிரிப் பெரியவர்

அம்மா, தொல்லை வேண்டாம் என்று மாவு விளையாட்டைத் திண்ணைக்குத் தள்ளிவிடாதீர்கள். எண்ணெயும் மாவும் தேடிக் கரடி வீட்டு வாசலுக்கு வருவது எங்கள் பக்கம் புதிதல்ல; குரங்குகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெளியே விளையாட பைன் காயும் கற்பூர மரத்துக் கொட்டையும் சில்வர் ஓக் இலையும் போதும். ஆட்டம் முடிந்தால் திரும்பவும் தோட்டத்திலேயே வீசிவிடலாம்.

இன்னொன்று. நீங்கள் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டதாக எழுதவில்லை. உறவினருக்காக வீட்டை ஒழுங்குபடுத்தினீர்கள்; அவர்கள் ஒரு காப்பி குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். மூன்று வார வேலையைத் தன்னிடம் கேட்காமலே எறிந்தார்கள் என்பதுதான் அவளுடைய வருத்தமாக இருக்கும், அட்டை போனது அல்ல. பூஞ்சையைக் காட்டியிருந்தால், எந்தப் பெட்டியை எறிவது என்று அவளே சொல்லியிருப்பாள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. என் மகன் சேர்த்துவைத்திருந்த தீப்பெட்டிப் படங்களை நான் அடுப்பில் போட்டு 40 ஆண்டுகள் ஆகின்றன, இன்றும் பொங்கலுக்கு வரும்போது சொல்லிக்காட்டுகிறான்.

கேட்டவர்: குன்னூர் தாய்

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். இன்று காலை சமையலறைச் சுவரை ஒட்டியிருந்த பெஞ்சைக் காலி செய்து, மேலே என் பழைய சேலையை விரித்து, இது உன்னுடையது, இதில் நாங்கள் யாரும் கை வைக்கமாட்டோம் என்று சொன்னேன். "தம்பியுமா?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை; பெஞ்சின் உயரத்தை நம்பியிருக்கிறேன். மாமியார் இன்னும் குப்பைமேடு என்றுதான் சொல்கிறார், ஆனால் அந்தச் சேலையின் கிழிந்த ஓரத்தைத் தைத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

மாலையில் வந்து பார்த்தபோது இரண்டு பெட்டிகள் வெட்டப்பட்டிருந்தன. இம்முறை உதகையிலிருந்து தொடங்கிக் கீழே இறங்கப் போகிறாளாம்.