பல வரிசைகளாக இருக்கும் குறிப்பை ஒரே புலத்தில் சேர்க்கும்போது பாதியில் அறுபடுகிறது (மைஎஸ்க்யூஎல் 8.0 தரவுத்தள மென்பொருள்)

கேள்வி:
வணக்கம். ஒரு சிறு மருத்துவமனையின் பழைய தரவைப் புதிய அட்டவணைக்கு மாற்றி வருகிறேன். பழைய அட்டவணையில் ஒவ்வொரு நோயாளியின் குறிப்பும் சார்(60) புலத்தில், அதாவது 60 குறிகள் மட்டும் கொள்ளும் புலத்தில், துண்டு துண்டாக வெட்டப்பட்டு, துண்டு எண்ணுடன் இருக்கிறது. செலக்ட் வினவலில், பல வரிசைகளின் உரையை ஒன்றாக்கும் குரூப்_கான்கேட் செயற்கூறு கொண்டு அவற்றைச் சேர்த்து, விளைவை ஸ்கிரிப்ட் வழியாக ஏற்றினேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் ஒருவருடைய குறிப்பு "தலைச்சுற்றல" என்று புள்ளிகூட இல்லாமல் நின்றுவிட்டது. பழைய பதிவில் அதற்குப் பின்னால்தான் "பென்சிலின் ஒவ்வாமை உண்டு" என்ற வரி இருக்கிறது. அது விடுபட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே அச்சமாக உள்ளது. சில குறிப்புகளில் துண்டுகள் முன்பின்னாக மாறியும், சொற்கள் ஒட்டியும் இருக்கின்றன.

மறுமொழி 1:
குரூப்_கான்கேட்_மேக்ஸ்_லென் என்னும் அமைப்பின் இயல்பு அளவு 1024 பைட். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிப்பதாலும், புள்ளி தனிக் குறியாகவே எண்ணப்படுவதாலும், ஏறத்தாழ 340 குறிகளில் உரை அறுபட்டுவிடுகிறது. அப்போது 1260 என்ற எச்சரிக்கை மட்டுமே எழும். ஷோ வார்னிங்ஸ் கொடுத்தால் காணலாம். வினவலுக்கு முன் செட் செஷன் மூலம் அளவை 10 லட்சமாக உயர்த்துங்கள். ஏற்கெனவே ஏற்றியவற்றை நம்ப வேண்டாம்; அனைத்தையும் மறுபடி ஏற்றுங்கள்.

மறுமொழி 2:
வரிசை மாறுவதற்குக் காரணம், குரூப்_கான்கேட் அடைப்புக்குள், வரிசைப்படுத்தச் சொல்லும் ஆர்டர் பை இல்லாதது. துண்டு எண் வார்ச்சார் என்னும் எழுத்து வகையாக இருந்தால் 2-க்கு முன் 10 வந்து நிற்கும் என்பதால், காஸ்ட் செய்து எண்ணாக்கிய பிறகே வரிசைப்படுத்த வேண்டும்.

சொற்கள் ஒட்டுவது சற்று நுட்பமானது. சார் புலத்தைப் படிக்கும்போது மைஎஸ்க்யூஎல் கடைசி இடைவெளிகளை நீக்கிவிடும். அதற்காக எல்லாத் துண்டுகளுக்கும் நடுவே இடைவெளி கொடுத்தால், "கி" என்பது வெட்டுப்பட்ட இடத்தில் ககரம் ஒரு பக்கமும் அதன் கொக்கி மறுபக்கமும் பிரிந்து நிற்கும். ஆகவே, செப்பரேட்டரை (துண்டுகளுக்கு இடையே வரும் பிரிப்பானை) வெற்றாக வைத்து, சார்_லென்த் (குறிகளின் எண்ணிக்கை) 60-க்குக் குறைவான துண்டுகளின் பின்னால் மட்டும் ஓர் இடைவெளி சேர்ப்பதே சரி.

கேட்டவர்:
மூன்றையும் செய்தேன். பென்சிலின் வரி வந்துவிட்டது. மிக்க நன்றி ஐயா. பழைய துண்டுகளின் மொத்த நீளத்தையும் புதிய புலத்தின் நீளத்தையும் நோயாளிவாரியாக இப்போது ஒப்பிட்டு வருகிறேன்.

மறுமொழி 1:
அந்த ஒப்பீட்டில் நீங்கள் சேர்த்த இடைவெளிகளைக் கழித்துக்கொள்ளுங்கள். டெக்ஸ்ட் புலம் 65,535 பைட் மட்டுமே கொள்ளும். நெடுநாள் நோயாளிகளுக்கு அது போதாமல் போகலாம் என்பதால் அதைவிடப் பெரிய மீடியம்டெக்ஸ்ட் வகையை வைத்துவிடுங்கள்.