வேண்டாம் என்று அவர்களே சொன்னபோது

சிறுநீரகப் பிரிவுச் செவிலியர்

டயாலிசிஸ் வேண்டாம் என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பலருக்குப் பயம்தான் காரணம். ‘ஒரு தடவை போட்டா சாகுற வரைக்கும் போடணுமாமே’ என்று பக்கத்துக் கட்டில்காரர் கிளப்பிவிட்டிருப்பார். இன்னும் சிலருக்கு, காப்பீட்டில் இலவசமாகச் செய்தாலும், வாரம் இரண்டு மூன்று தடவை கூட வர ஆள் இருக்காது. இதையெல்லாம் விசாரிக்காமல் நோயாளி மறுத்துவிட்டார் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவது எனக்குப் பிடிக்காது.

ஆனால் ஒரு அம்மா இருந்தார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர், எண்பதை நெருங்கிய வயது, இதயமும் பலவீனம். கட்டிலின் கால்மாட்டில் நின்று டாக்டர் மகனிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தார். “ஏய்யா, குத்தப்போறது என்னையத்தானே, எங்கிட்ட சொல்லுங்க” என்றார் அம்மா. டாக்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். முதலில் கழுத்தில் குழாய், அப்புறம் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலா, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று எதையும் மறைக்காமல் சொன்னார்.

“இதைப் போட்டா திரும்பக் கொடிக்காலுக்குப் போவேனா?”

“கஷ்டம்தாம்மா.”

“அப்ப வேணாம்யா.”

மகன் உடைந்துபோனார். “காசைப் பாத்து அம்மாவ விட்டுட்டான்னு ஊர்ல பேசுவாங்க சார்.” பல வீடுகளில் உண்மையான தடையே இதுதான். “பழியை என் மேல போடுங்க, டாக்டர்தான் சொன்னார்னு சொல்லுங்க” என்றார் டாக்டர். நீர் இறங்க மாத்திரை, அரிப்புக்கு மருந்து, எந்த வலி மாத்திரையைத் தொடவே கூடாது என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து, அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலியையும் அவஸ்தையையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் செவிலியர் வீட்டுக்கு வரவும் ஏற்பாடு செய்து அனுப்பினோம்.

ஒரு மகள்

அப்பாவுக்குச் சர்க்கரைப் புண். விரல் கறுத்துவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். அப்பா முடியாது என்றார். உடனே, “அப்ப எழுதிக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க” என்று தாளை என் அண்ணனிடம் நீட்டினார்கள். அப்பாவுக்கு வந்ததே கோபம். “காலு என்னுது, கையெழுத்து அவனுதா?”

கட்டு மாற்றுவது எப்படி என்றுகூட அங்கே யாரும் சொல்லவில்லை. வேறொரு சர்ஜனிடம் போனோம். அவரும் எடுக்கத்தான் சொன்னார். அப்பா மறுத்ததும் முகம் சுளிக்காமல், காய்ச்சல், நடுக்கம், சிவப்பு மேலே ஏறுவது, இதில் எது வந்தாலும் ராத்திரி என்றாலும் கிளம்பி வந்துவிடுங்கள் என்றார். கட்டு மாற்ற எனக்குக் கற்றுக்கொடுத்தார். காய்ச்சல் வந்தது. “எடுத்துருங்கய்யா” என்று அப்பாவே சொன்னார். இப்போது செயற்கைக்காலோடு டீக்கடை வரைக்கும் போய் வருகிறார். முன்பே எடுத்திருந்தால் இவ்வளவு அவஸ்தை இல்லை என்று அண்ணன் இன்னும் சொல்கிறார். இருக்கலாம். அப்பாவிடம் அதை யாரும் சொல்வதில்லை.

அவசரப் பிரிவு மருத்துவர்

ஒரே ஆள் ஒரே ராத்திரியில் இரண்டு தடவை மறுத்த கதை இது. சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தவர். வேர்த்துக் கொட்டுகிறது, “விடுங்கடா என்னைய” என்று ஊசியைப் பிடுங்கி எறிகிறார். குளுக்கோமீட்டரில் சர்க்கரை 34, ஆபத்தான அளவுக்குக் குறைவு. நாலு பேர் பிடித்துக்கொள்ள குளுக்கோஸ் ஏற்றினோம். அவர் வேண்டாம் என்றதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. அந்த நிலையில் பேசியது அவர் இல்லை.

கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து சட்டையைத் தேடினார். அந்த மாத்திரையின் வேகம் அடங்க நேரமாகும், சர்க்கரை மறுபடியும் இறங்கலாம், ஒரு நாள் இருங்கள் என்றேன். விடிந்தால் தங்கை மகள் கல்யாணம், தாய்மாமன் இல்லாமல் எப்படி என்றார். நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். தூக்கத்திலேயே இறங்கினால் உயிர் போகலாம் என்பது வரை சரியாகச் சொன்னார். “தெரிஞ்சுதான் போறேன் டாக்டர்.” இந்த மறுப்பை மீற எனக்கு உரிமை இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லி, ராத்திரி எழுப்பிச் சர்க்கரை பார்க்க அவர் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பினேன். மண்டபத்திலிருந்து அவர் மனைவி போன் செய்தார்: சர்க்கரை 110, பயமில்லை.

வழக்கறிஞர்

மேலே மகள் எழுதியதற்காக இதைச் சொல்கிறேன். சுயநினைவோடு இருக்கும் வயது வந்தவருக்குப் பதிலாக அண்ணன் கையெழுத்துப் போட முடியாது. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. சோதனைக்காக மயக்க மருந்து கொடுத்திருந்த பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அவரையே கேட்டிருக்கலாம், அவசரம் ஒன்றுமில்லை, தாயின் சம்மதம் செல்லாது என்பது தீர்ப்பு.

பேச முடியாத நிலை வந்தால் என்ன செய்யலாம், எது கூடாது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கவும் 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வழி பிறந்தது. அப்போது மாஜிஸ்திரேட் வரை போக வேண்டியிருந்தது. 2023-இல் அதை எளிதாக்கிவிட்டார்கள். இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்து, அவ்வளவுதான். ஒரு நகலைக் குடும்ப டாக்டரிடம் கொடுத்து வையுங்கள், பீரோவில் பூட்டி வைத்தால் நேரத்துக்குக் கிடைக்காது.